பண்டிதர் தள்ளிய சுவடி

மாந்தோப்பூர் மன்னர் வீரமல்லருக்கு வானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாதவர்தானே சபை வைப்பார், அவரும் வைத்தார். வானத்தில் யார் எதைக் கண்டாலும் சுவடியில் எழுதி, பெயர் போடாமல், சபையில் தொங்கும் திரைக்குள் நீட்ட வேண்டும். உள்ளே இருக்கும் பரிசோதகர் ஒப்புக்கொண்டால்தான் அது அரசாங்க வானேட்டில் ஏறும். எழுதியவரை அவருக்குத் தெரியக் கூடாது; அவரை எழுதியவருக்குத் தெரியக் கூடாது. ரொம்ப நியாயம். உள்ளே இருமுவது சர்வேசுவர பண்டிதர் என்று ஊருக்கே தெரியும், அது வேறு விஷயம்.

அவருடைய பழைய மாணவர் அம்பலவாணர். கோட்டைக் கோபுரத்தில் வானம் பார்க்கிற வேலை. அவர் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டு எழுதி நீட்டினார். 'சர்வேசுவர பண்டிதரின் மகத்தான வானநூலை மேற்கோள் காட்டவில்லை' என்று திரும்பி வந்தது. காட்டினார். 'போதாது' என்று மறுபடி வந்தது. இதற்குள் வால்நட்சத்திரம் பாதி மங்கிவிட்டது. அமாவாசைக்குள் வானேட்டில் ஏறாவிட்டால் கோபுரம் பண்டிதரின் மருமகனுக்குப் போய்விடும். மருமகனுக்கு மாலைக்கண்.

அம்பலவாணர் விகடகவி மாசிலாமணியிடம் போய்ப் புலம்பினார். பண்டிதரிடம் படித்த காலத்தில் என்னதான் செய்தீர் என்று மாசிலாமணி துருவித் துருவிக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் மன்னர் முன்னிலையில் மாசிலாமணியே ஒரு சுவடியைத் திரைக்குள் நீட்டினார். உள்ளே இருமல். பிறகு தீர்ப்பு.

"எழுதியவனுக்கு வானமும் தெரியவில்லை, தமிழும் தெரியவில்லை. சர்வேசுவர பண்டிதரின் நூலை ஓரிடத்திலும் சொல்லக் காணோம். தள்ளுக."

"மகாராஜா, இது அந்த மகத்தான நூலேதான். முதல் அத்தியாயத்தை ஓர் எழுத்து மாற்றாமல் பெயர்த்து எழுதியிருக்கிறேன்" என்றார் மாசிலாமணி.

மன்னர் திரையை விலக்கச் சொன்னார். அடுத்த அத்தியாயத்தில் என்ன வருகிறது என்று பண்டிதரைக் கேட்டார். பண்டிதர் இருமினார். மாசிலாமணி கண்ணைக் காட்ட, ஓரமாய் நின்ற அம்பலவாணர் தயங்கித் தயங்கி ஆரம்பித்து, அத்தியாயம் முழுவதையும் தடையில்லாமல் ஒப்பித்தார்.

"என்னய்யா இது? தாம் எழுதியதையே ஒருவர் மறப்பாரா?" என்றார் மன்னர்.

"அவரைக் கோபிக்காதீர்கள், மகாராஜா. மாணவர் எழுதினார், குரு பெயர் போட்டுக்கொண்டார். பாவம், இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படிக்கிறார்."

மன்னர் கிரீடம் நழுவச் சிரித்தார். அன்றே வால்நட்சத்திரம் வானேட்டில் ஏறியது, கோபுரம் அம்பலவாணருக்கே நிலைத்தது, மாசிலாமணிக்கு முத்துமாலை. பண்டிதருக்கும் ஒரு தண்டனை உண்டு: தம் நூலைக் கடைசிவரை படித்து முடிக்க வேண்டும்.