கொஞ்சம் வெயில்

அந்த ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகத் தள்ளிக்கொண்டு போய்ப் படம் எடுக்கிற எக்ஸ்ரே மெஷின் ஒன்று இருந்தது. தள்ளுகிறவள் பெல்சி. கதிர்வீச்சைத் தடுக்கிற ஈய ஏப்ரன் கிழிந்து போனதால், புதிது கேட்டு முதலாளியம்மா வரைக்கும் போய்விட்டாள். தலைமை டாக்டர் தாணுலிங்கத்துக்குப் பொறுக்குமா?

முதலாளியம்மாவை ஐ.சி.யூ.வுக்கே கூட்டிவந்து, நர்ஸ்கள் முன்னால் பெல்சியைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் வெயில்ல நிக்கிற மாதிரிதாம்மா இது. இதுக்குப் போய் ஏப்ரன் கேக்கா. ஏ பிள்ளே, ஏப்ரன் இல்லாம இப்பவே அந்தக் கட்டில்ல கெடக்க பெரியவருக்குப் படம் எடு. முடியாதுன்னா வேலையை விட்டுட்டுப் போ."

பெல்சியின் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"எடுக்கேன் சார். வெயில்தானே, நீங்களும் கூட நில்லுங்க."

"நிக்கேன். எனக்கென்ன பயம்?"

பெல்சி மெஷினைக் கட்டிலோரம் நிறுத்தி, சுவிட்சைக் கையில் பிடித்தாள். எல்லோரும் விலகிப் போவதற்காகத் தினமும் கொடுக்கிற குரலைக் கொடுத்தாள்.

"எக்ஸ்ரே."

நர்ஸ்கள் பழக்கப்படி வெளியே ஓடினார்கள். அவர்களுக்கும் முன்னால், முதலாளியம்மாவை இடித்துத் தள்ளிவிட்டு டாக்டர் ஓடினார். சுவருக்குப் பின்னால் போய்த்தான் நின்றார்.

முதலாளியம்மா ஆடிப்போய் நின்றார். பெல்சி பையிலிருந்து மெஷின் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பயப்படாதீங்கம்மா. மெஷினை நான் போடவே இல்ல."

அம்மா சாவியைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"டாக்டர், வெயில் தாழ்ந்துடுச்சு. உள்ள வந்து ஏப்ரனுக்குக் கையெழுத்துப் போடுங்க."