நாலு திசைப் பல்லக்கு

கொண்டல்பட்டி ஜமீன்தார் பல்லக்கில் ஏறியதும் கட்டளை போட்டார்.

"வடக்கே ஏரி நிரம்பி உடையப்போகுதாம், மதகு திறக்க நான் உத்தரவு தரணும். கிழக்கே கோயில் மரியாதை, தெற்கே சேவல்கட்டு, மேற்கே மாமனார் விருந்து. நாலும் முதல் வேலை. எது பிந்தினாலும் சவுக்கடி!"

"உத்தரவு சாமி" என்றான் பல்லக்குத்தூக்கி சன்னாசி. கூட்டாளிகளின் காதில் ஏதோ சொன்னான். நால்வரும் ஆளுக்கொரு திசையில் இழுக்க, பல்லக்கு நின்ற இடத்திலேயே குலுங்கியது.

"என்னடா கூத்து இது?"

"நாலு முதல் வேலையையும் ஒண்ணாத் தொடங்கிட்டோம் சாமி."

"முட்டாளே! ஏரி உடைஞ்சா ஊரே போயிடும். சேவலாடா பெருசு?"

"அதை உங்க வாயால கேக்கத்தான் சாமி இழுத்தோம்" என்ற சன்னாசி, கூட்டாளிகளோடு பல்லக்கை வடக்கே தூக்கிக்கொண்டு ஓடினான்.

மதகு திறந்தது, ஊர் பிழைத்தது. மற்ற மூன்று இடத்திலும் ஜமீன்தார் வராததை யாருமே கவனிக்கவில்லை.