பன்னிரண்டு பேருக்கு ஒரு மாளிகை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், கூத்துப் பைத்தியம் பிடித்த அரசர் ஒருவர் இருந்தார். சாப்பாடு தாமதமானால் பொறுத்துக்கொள்வார்; கூத்து தாமதமானால் பொறுக்கமாட்டார். அவருடைய சபையில் விகடகவியாக இருந்தவன் சேந்தன். இருபத்திரண்டு வருடமாக அரசரைச் சிரிக்க வைத்து, பொறாமைக்காரர்கள் வெட்டிய குழிகளிலெல்லாம் விழுந்து எழுந்து வந்தவன். இப்போது முழங்கால் வலி. காலையில் தலைப்பாகை கட்டும்போதே, இன்றைக்கு யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொள்வான்.

அந்த நாட்டில் அரசருக்கு அடுத்தபடியாக, உண்மையைச் சொன்னால் அரசருக்கும் மேலே, ஜனங்களுக்குப் பிடித்தவர் கூத்தர் எழில்வாணர். அவர் மேடையில் அழுதால் ஊரே அழும். அவரைப் போல மீசை வைக்காத இளவட்டம் கிடையாது. நான்கு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய தேர் ஒன்றை அரசர் அவருக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார்.

ஒரு சந்தை நாள். பட்டப்பகல். விருந்து ஒன்றில் வயிறு முட்டக் கள் குடித்துவிட்டு வந்த எழில்வாணர், சாரதியை இறக்கிவிட்டுத் தானே கடிவாளத்தைப் பிடித்தார். கடைத்தெருவில் தேர் பறந்தது. கோரைப்பாய் விற்றுக்கொண்டிருந்த மருதன் மேல் ஏறி இறங்கியது. நிற்காமல் போயிற்று. பொழுது சாய்வதற்குள் மருதன் செத்துப்போனான். பக்கத்தில் பாய் விரித்துக் காட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி நாச்சி எல்லாவற்றையும் பார்த்தாள். சந்தையே பார்த்தது.

அந்த நாட்டுச் சட்டத்தில் இதற்குக் குழப்பமே இல்லை. தேரோ வண்டியோ ஏற்றி ஓர் உயிரைப் போக்கியவனுக்கு ஆறு வருடம் சிறை.

விசாரணை நாளன்று அரண்மனை வாசலில் கூட்டம் அலைமோதியது. நாச்சிக்காக அல்ல. எழில்வாணர் வந்து இறங்கியதும் பூமாரி பொழிந்தது. "எங்கள் வாணரைத் தொடாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் பாய் வியாபாரிகளும் இருந்ததைச் சேந்தன் பார்த்தான். அவனுக்கு ஆச்சரியமாக இல்லை. ஆச்சரியப்படுகிற வயதைத் தாண்டிவிட்டோமே என்பதுதான் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

சபையில் நீதி விசாரணைக்குப் பொறுப்பானவர் தண்டநாயகர் விழுப்பரையர். சேந்தனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். அவர் எழுந்து, "மன்னர்மன்னா! கலைஞரின் உள்ளம் பூப்போன்றது. குற்றம் குதிரைகளுடையது" என்றார்.

"முந்நூறு பேர் பார்த்திருக்கிறார்கள், தண்டநாயகரே. குதிரைகளைச் சிறையில் அடைத்தால் ஊர் சிரிக்கும்" என்றார் அரசர். பிறகு பெருமூச்சு விட்டு, "ஆறு வருடம்" என்று தீர்ப்புச் சொன்னார். சொன்ன வாயை மூடுவதற்குள் அவர் முகம் வாடிவிட்டது. "நாற்பது நாளில் வசந்த விழா வருகிறதே! தலைமைக் கூத்தை யார் ஆடுவது?"

அரசர் தாடையைத் தடவினார்.

"சிறை என்பது என்ன? நான்கு சுவர், ஒரு கதவு. அவருடைய மாளிகைக்கும் நான்கு சுவர் இருக்கிறது, கதவும் இருக்கிறது. ஆகவே இந்தக் குற்றத்துக்குச் சிறை எழில்வாணரின் மாளிகையே. அங்கேயே ஆறு வருடம் இருக்கட்டும். விழாவுக்கு மட்டும் வந்து போகட்டும்."

சபை ஆகா என்றது. விழுப்பரையருக்கு அந்த நொடியில் ஒரு யோசனை பளிச்சிட்டது.

"அருமையான தீர்ப்பு, அரசே! ஆனால் பெரிய மனிதருக்கு ஒரு நியாயம், ஏழைக்கு ஒரு நியாயம் என்று நாக்கு நீண்டவர்கள் பேசுவார்கள். அந்தப் பேச்சு எழாமல் பார்த்துக்கொள்ள மதிநுட்பம் உள்ள ஒருவர் வேண்டும். நம் சேந்தனாரைவிட யார் இருக்கிறார்?"

அரசருக்குக் குஷி பிறந்துவிட்டது. "சேந்தா, மாளிகைக்கு நீயே மேற்பார்வை. எழில்வாணர் மேல் ஒருவர் விரல் படக்கூடாது. அதே சமயம், மூன்று நாளைக்குள் இந்த நகரத்தில் ஒரு வாய்கூட இரண்டு நியாயம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் அந்த ஆறு வருடத்தை நீ அனுபவிப்பாய்!"

சேந்தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "உத்தரவு, மன்னா. ஆனால் தாங்கள் திருவாய் மலர்ந்ததை அப்படியே எழுதி, முத்திரை வைத்துத் தரவேண்டும். ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

விழுப்பரையர் தன் கையாலேயே ஓலையில் எழுதினார். 'இந்தக் குற்றத்துக்குச் சிறை எழில்வாணரின் மாளிகையே.' முத்திரையை அழுத்தி வைத்தார்.

வெளியே வந்தபோது கூட்டம் தேருக்குப் பின்னால் ஓடிவிட்டிருந்தது. மதிலோரம் நாச்சி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவளை உள்ளே விட்டிருக்கவில்லை.

"தீர்ப்பு என்னாச்சுங்க சாமி?"

சேந்தன் சொன்னான்.

"அப்போ அவரு வீட்டுக்குப் போறாரு."

"ஆமாம், அம்மா."

"வீட்டுக்குப் போறதுக்கு எதுக்குங்க விசாரணை?"

சேந்தன் ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகச் சிறைச்சாலைக்கு நடந்தான்.

"வண்டி ஏற்றி ஆளைக் கொன்ற குற்றத்துக்காக இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று சிறைத்தலைவனிடம் கேட்டான்.

"பதினோரு பேர்."

"எல்லோரையும் கிளப்பு. காவலர்களையும் கூட்டிக்கொள். கூழ் காய்ச்சுகிற கொப்பரையை மறந்துவிடாதே."

சிறைத்தலைவன் ஓலையை மூன்று முறை படித்தான். அரச முத்திரை. அவனால் என்ன செய்ய முடியும்?

பதினோரு பேரில் சடையன் என்று ஒரு மாட்டுவண்டிக்காரன். திருவிழாக் கூட்டத்தில் வெடிச்சத்தம் கேட்டு மாடு மிரண்டதில், ஒரு கிழவர் சக்கரத்தில் விழுந்துவிட்டார். சடையனே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடினான். அவனே காவலரிடம் போய்ச் சொன்னான். உள்ளே வந்து நாலு வருடம்.

"என்னை எதுக்குங்க கூத்தர் வீட்டுக்கு? எனக்கு ஆடத் தெரியாதுங்களே" என்றான் அவன், கலவரத்தோடு.

"நீ ஆட வேண்டாம். இருந்தால் போதும்."

பொழுது சாயும் நேரத்தில் மாளிகையின் பெரிய கதவு திறந்தது. எழில்வாணர் சீடர்கள் சூழ ஊஞ்சலில் சாய்ந்திருந்தார். சங்கிலி குலுங்கப் பதினோரு பேரும் உள்ளே வந்தார்கள். பின்னால் கொப்பரை வந்தது.

"என்ன இது? யார் இவர்கள்?"

"தங்களோடு தண்டனை அனுபவிப்பவர்கள், கூத்தரே. இந்தக் குற்றத்துக்கு இதுதான் சிறை என்று அரசர் சொல்லிவிட்டார். வேறு சிறையில் இவர்களை வைத்தால் அது அரச கட்டளையை மீறுவதாகும்." சேந்தன் ஓலையை விரித்துக் காட்டினான். "சிறை என்றால் சிறை விதி உண்டு. சீடர்கள் வெளியே போகலாம். பார்வையாளர்களுக்கு மாதம் ஒரு நாள். கள் கிடையாது. விடியலில் சங்கு ஊதினால் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். தங்களை யாரும் தொடமாட்டார்கள். ஊதுகிறவர் மட்டும் காதுக்குப் பக்கத்தில் நின்று ஊதுவார்."

முதல் நாள் எழில்வாணர் கத்தினார். இரண்டாம் நாள் பொழுது சாயும்வரை பட்டினி கிடந்தார். பட்டு மெத்தையில் படுத்த கைதிகள் பதினோரு பேரும் விட்ட குறட்டையில் அவருக்குக் கண் மூடவில்லை. சாமரம் வீச ஆளில்லை. கம்பங்கூழை வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றினாலும் அது கம்பங்கூழாகவே இருந்தது.

இரண்டாம் நாள் மாலை எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கைதிகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தால், தங்கள் வண்டியில் விழுந்தவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். சடையன் தன் கிழவரைப் பற்றிச் சொன்னான். பெயர் உலகன், பேத்திக்கு வளையல் வாங்க வந்தவர். இன்னொருவன் ஒரு தயிர்க்காரியைப் பற்றிச் சொன்னான். பிறகு சடையன் மரியாதையாகத் திரும்பினான்.

"உங்க ஆளு பேரு என்னங்க?"

எழில்வாணர் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. வராந்தாவில் சாய்ந்திருந்த சேந்தனைத் திரும்பிப் பார்த்தார். கூத்தரின் முகத்தில் மேடையில் காட்டும் பாவனை எதுவும் இல்லை.

"மருதன்" என்றான் சேந்தன்.

"மருதன்" என்று கூத்தர் மெல்லச் சொன்னார். அவர் மாறிவிட்டார் என்று சேந்தனுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அடுத்த மூச்சில் அவர், "இந்தக் கூழில் உப்பே இல்லை" என்றார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் எழில்வாணரிடமிருந்து அரசருக்கு விண்ணப்பம் போயிற்று. தன்னை உடனே பழைய சிறைக்கே அனுப்ப வேண்டும், அங்கே தனி அறையாவது கிடைக்கும் என்று எழுதியிருந்தார்.

சபை கூடியது. விழுப்பரையர் துள்ளினார். "அரசே, கொலைகாரர்களைப் பட்டு மெத்தையில் படுக்க வைத்திருக்கிறான் இந்தச் சேந்தன்! இவனுக்கல்லவா ஆறு வருடம்?"

"சேந்தா, இது என்ன கூத்து?" என்றார் அரசர்.

"ஓலையில் உள்ளபடிதான் செய்தேன், மன்னா. குற்றம் இது, சிறை அது. தண்டநாயகர் கையெழுத்து. பட்டு மெத்தை ஒருவருக்குச் சிறையானால் பன்னிரண்டு பேருக்கும் சிறைதானே? இந்த மூன்று நாளில் யாராவது இரண்டு நியாயம் என்று சொன்னார்களா, ஒற்றர்களைக் கேளுங்கள்."

ஒற்றர்தலைவன் தொண்டையைக் கனைத்தான். "இல்லை, அரசே. நம்மையும் அந்த மாளிகையில் அடைக்கமாட்டார்களா என்றுதான் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள்."

அரசருக்குச் சிரிப்பு பீறிட்டது. சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சபையும் சிரித்தது. விழுப்பரையரும் வேறு வழியில்லாமல் பல்லைக் காட்டினார்.

"தோற்றேன் சேந்தா! பன்னிரண்டு பேரும் பழைய சிறைக்கே போகட்டும். தண்டநாயகரே, அதையும் உம் கையாலேயே எழுதும். சேந்தா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

சேந்தன் கொஞ்சம் யோசித்தான். அரசரை அவனுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும்.

"இன்னோர் ஓலை போதும், மன்னா. எழில்வாணருக்குத் தண்டனை குறைந்தால், அதே குற்றம் செய்த மற்றவர்களுக்கும் அதே அளவு குறையும் என்று."

"குறைக்கப்போவதில்லையே! ஆறு வருடமென்றால் ஆறு வருடம்!" அரசர் சிரித்துக்கொண்டே முத்திரை வைத்தார்.

முப்பத்தெட்டாம் நாள், வசந்த விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, அரசர் எழில்வாணரின் மீதித் தண்டனை முழுவதையும் ரத்து செய்தார். கலைக்காக என்று அறிக்கை வாசிக்கப்பட்டது. அந்த அறிக்கையின் மை காயும் முன்பே சேந்தன் தன் ஓலையோடு சிறைவாசலில் நின்றான். எழில்வாணர் தேரில் ஏறினார்; மற்ற பதினோரு பேரும் நடந்து வெளியே வந்தார்கள். எந்தத் திசையில் போவது என்று தெரியாமல் சடையன் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான். பிறகு சேந்தனின் காலில் விழப்போனான். சேந்தன் விலகிக்கொண்டான்.

விஷயம் புரிந்ததும் அரசர் முன்பைவிடப் பலமாகச் சிரித்தார். "நான் மனம் இளகுவேன் என்று அன்றைக்கே தெரியுமா உனக்கு? கள்ளன்!" என்று தன் கைக்காப்பைக் கழற்றி அவன் கையில் மாட்டினார். விழுப்பரையரைத் தவிர எல்லோரும் கைதட்டினார்கள். சேந்தன் தலைவணங்கினான். தெரியும் என்று சொல்வதில் என்ன பெருமை இருக்கிறது? பதினோரு வீட்டில் இன்றைக்கு அடுப்பு சிரிக்கும். உலகனுடைய பேத்தியின் வீட்டில், தயிர்க்காரியின் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று அவன் யோசித்தான். அதே யோசனையோடு விழா நாளன்று மாலை கடைத்தெருப் பக்கம் போனான்.

நாச்சி தனியாகப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். விழா மேடையிலிருந்து முரசுச் சத்தம் கேட்டது. கடைத்தெருவில் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள்.

"விட்டுட்டாங்களாமே" என்றாள் அவள்.

"விட்டுவிட்டார்கள்."

"கூட இருந்தவங்களையும் நீங்க வெளிய கொண்டாந்தீங்களாம். அந்த வண்டிக்காரரு பாவம், நல்ல மனுசன்னு சொன்னாங்க. அது நல்லதுதான் சாமி." அவள் கயிற்றை இழுத்துக் கட்டினாள். "அவரு ஆறு வருசம் உள்ள கெடந்தா எனக்கு என்ன வந்துரும்னு நெனச்சு நெனச்சுப் பார்த்தேன். ஒண்ணும் வராது. ஆனா கெடந்திருக்கணும்."

"கிடந்திருக்க வேண்டும்" என்றான் சேந்தன்.

அரசர் கூத்துக்கு முன்வரிசையில் அவனுக்கு இடம் போட்டு வைத்திருந்தார். அவன் போகவில்லை. தலைப்பாகையைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, ஒரு பாய்க்கட்டைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வலியோடு அவள் பின்னால் நடந்தான்.