கூகைப்பட்டியில் பஸ் ஏறியவர்கள்

கூகைப்பட்டிக்கு ஒரே ஒரு பஸ். காலை எட்டு மணிக்கு வரும். பாதிப் பேர் ஏறுவார்கள், மீதிப் பேர் தொங்குவார்கள். இன்னொரு பஸ் கேட்டு மனுக் கொடுத்தார்கள். போக்குவரத்து ஆராய்ச்சிக்கு அரசாங்கம் நிதி ஒதுக்கியிருப்பதாகவும், ஒரு மாதம் எண்ணிப் பார்த்து தினம் அறுபது பேருக்கு மேல் ஏறினால் இரண்டாவது பஸ் நிச்சயம் என்றும் பதில் வந்தது.

எண்ணும் வேலைக்கு மூன்று பேர் அமைந்தார்கள். பத்தாம் வகுப்பை மூன்று வருஷம் படித்த வெள்ளைக்கண்ணு, சைக்கிள் கடை தங்கப்பழம், அந்த பஸ்ஸில் டவுனுக்குப் போய்ப் பூ விற்கும் பூமயில்.

நோட்டைக் கொடுத்த அதிகாரி இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொன்னார். தகவல் கசியக் கூடாது. பயணிகளின் அடையாளம் தெரியக் கூடாது.

முதலாவது சுலபம். நோட்டைத் தூக்குவாளியில் போட்டு இறுக்கி மூடி, பஞ்சர் பார்க்கும் தண்ணீரில் முக்கினார் தங்கப்பழம். குமிழி வரவில்லை.

இரண்டாவதுதான் யோசிக்க வைத்தது.

"முகம் தெரிஞ்சாத்தானே அடையாளம் தெரியும்?" என்றார் வெள்ளைக்கண்ணு.

"குரல வச்சும் கண்டுபிடிச்சிரலாம்ணே," என்றாள் பூமயில்.

மறுநாள் காலை எழுபத்திரண்டு பேர் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டு, வாய் திறக்காமல் நின்றார்கள். பஸ் தெரிந்ததும் வழக்கம்போல அதை நோக்கி ஓடினார்கள். டிரைவர் ஒரு தடவைதான் பார்த்தார். கூகைப்பட்டியை அந்த பஸ் அவ்வளவு வேகமாகக் கடந்ததே இல்லை.

ஏறியவர்கள் பூஜ்யம் என்று எழுதினார் வெள்ளைக்கண்ணு.

"எழுவத்திரெண்டு பேரு நிக்கோமேண்ணே," என்றாள் பூமயில்.

"நின்னவங்கள யாரு கேட்டா? ஏறினவங்களத்தான் கேட்டிருக்கு."

மாதம் முழுக்க அப்படியே போயிற்று. பூமயிலின் மல்லிகை கூடையிலேயே வாடியது. சாக்குக்குள் அழுதாளே தவிர, சாக்கைக் கழற்றவில்லை.

யாரும் ஏறாத ஊருக்கு பஸ் எதற்கு என்று இருந்த பஸ்ஸையும் நிறுத்தினார்கள். ஊர்க்காரர்கள் மூவரையும் தேடிக்கொண்டிருந்தபோது இன்னொரு கடிதம் வந்தது. முப்பது நாளும் முடிவு துளிகூட மாறாத ஒரே ஆய்வு இதுதானாம். பாராட்டி, இன்னும் மூன்று வருஷத்துக்கு நிதி அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் எட்டு மணிக்கு மூவரும் நிறுத்தத்துக்குப் போனார்கள். ஒன்பது வரை காத்திருந்துவிட்டு, புது நோட்டின் முதல் பக்கத்தில் வெள்ளைக்கண்ணு எழுதினார்: "இன்று பஸ் வரவில்லை. அதனால் பஸ்ஸில் நெரிசல் அறவே இல்லை."