விட்டாலும் ஓடுகிற வண்டி

மார்த்தாண்டத்தில் பழைய பைக்குகளைப் பிரித்துப் பூட்டும் ஒர்க்‌ஷாப் ஒன்றை ஷைனி நடத்திவந்தாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் படிக்க வந்த சிவதாணுவுக்கு அறுபத்திரண்டு. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி.

வந்த முதல் நாள், "எதிலிருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்டார்.

ஷைனி ஒரு பழந்துணியைக் கொடுத்தாள். நாற்பது நாள் துடைத்தார். எந்த இஞ்சின் எங்கே கசியும் என்று துடைத்துத் துடைத்தே தெரிந்துகொண்டார். அதன்பிறகு அவளை ஆசான் என்று கூப்பிடத் தொடங்கினார். முதலில் விளையாட்டாகத்தான். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

ஒரு பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. எந்த வண்டி உள்ளே வந்தாலும் நல்லதா, மோசமா என்று கேட்பார்.

"ஆசானே, இது கொள்ளாமா, கொள்ளாதா?"

"செயின் தொங்குது" என்பாள். அல்லது, "முன்னால டயர் புதுசு." அதற்குமேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வராது.

ஒருநாள் அவர் பரபரப்பாக வந்தார். குலசேகரத்தில் ஒருவர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கை விற்கிறாராம். எண்பத்தாறாம் வருட வண்டி. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக்.

"இத்தனை வண்டி இருக்க இதுதான் வேணுமா?" என்றாள் ஷைனி.

"ரொம்ப வருஷமா ஒரு ஆவல். அது எப்படி ஓடும்னு பாக்கணும்."

"நாப்பது வருஷமா புல்லட் ஓட்டுறீங்க. இது குணம் வேற."

"அந்தக் குணத்தைத்தான் பாக்கணும்."

ஷைனி அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு புல்லட்டில் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டிக்காரர் பெயர் டென்னிசன். ரப்பர் நாற்றுப்பண்ணை வைத்திருந்தார். முற்றத்தில் வண்டி நின்றது. கருஞ்சிவப்பு டேங்க், துடைத்து வைத்த சைலன்சர்கள். சிவதாணு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், குந்தியிருந்து பார்த்தார்.

ஷைனி இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள்.

"அண்ணே, கட்டன்சாயா கிடைக்குமா?"

டென்னிசன் உள்ளே போனதும் சிவதாணுவும் கையை வைத்துப் பார்த்தார். நல்ல சூடு. அவர் முகம் மாறியது.

"நாம வரதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருக்கார், ஆசானே. ஆறின இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது போல. ஏமாத்தப் பாக்கிறார்."

"அப்படியா?"

"இந்தச் சூடு போதாதா சாட்சிக்கு?"

"சூடா இருக்குங்கிறதுக்கு அது சாட்சி" என்றாள் ஷைனி.

சாயா வந்தது. குடித்தார்கள். ஷைனி அவசரப்படவில்லை. நாற்று எப்படி ஒட்டுவது என்று டென்னிசனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். முக்கால் மணிநேரம் போயிற்று. சிவதாணுவுக்குப் பொறுக்கவில்லை.

"காலையில வண்டியை எடுத்தீங்களோ?" என்று நேராகக் கேட்டுவிட்டார்.

"எடுத்தேன் சார்" என்றார் டென்னிசன். "மக காலேஜுக்குப் போறா. இன்னைக்கு வண்டி போயிரும்னு சொன்னதும், அப்பா கடைசியா ஒருக்கா இதுல கொண்டு விடுங்கன்னு ஒரே பிடிவாதம். நாகர்கோவில் வரைக்கும் போயிட்டு இப்பத்தான் வந்தேன்."

சிவதாணு தம்ளரைக் கீழே வைத்தார். ஷைனியைப் பார்க்கவில்லை.

இஞ்சின் நன்றாக ஆறியபிறகு டென்னிசன் கிக்கரைக் காலால் சவிட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது சவிட்டில் வண்டி இருமி, வெள்ளைப்புகை கக்கி, பிறகு ஒரே சீராகப் பாட ஆரம்பித்தது.

"கொள்ளாமா ஆசானே?"

"அஞ்சாவது சவிட்டுல ஸ்டார்ட் ஆச்சு."

சிவதாணு சிரித்துவிட்டார். வண்டியை வாங்கிக்கொண்டார். டென்னிசன் ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தார், டேங்க்கை இரண்டு தட்டுத் தட்டினார், நாற்றுகளுக்கு நடுவே போய்விட்டார்.

"வாங்கியாச்சு" என்றாள் ஷைனி. "இனி அறிஞ்சுக்கிடணும்."

வீட்டுக்கு வெளியே ரப்பர் தோட்டத்தின் ஊடே நீளமான சமதளச் சாலை. ஆள் நடமாட்டமில்லை. தூரத்தில் சாலையோரம் சிலுவை வைத்த சின்னக் குருசடி ஒன்று தெரிந்தது.

"அறுபதுல போங்க. குருசடி வந்ததும் ஆக்ஸிலேட்டரை முழுசா விட்டிருங்க. பிரேக்கைத் தொடாண்டாம், கிளட்சையும் தொடாண்டாம். வண்டி என்ன செய்யுதுன்னு மட்டும் பாருங்க."

சிவதாணு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வண்டி கைக்குள் துடித்தது. இந்த வயதில் இப்படி ஒரு குஷியா என்று அவருக்கே வியப்பாக இருந்தது. குருசடி வந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டார்.

புல்லட்டாக இருந்தால் அந்த நொடியே யாரோ பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்தது போலிருக்கும். அவர் உடம்பு அதற்குத் தயாராக முன்னால் சாய்ந்தது. இழுக்கவில்லை. இஞ்சின் சத்தம்தான் அடங்கியது. வண்டி ஆற்றில் விட்ட ஓடம் மாதிரி, அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டே போனது. ஒரு மின்கம்பம் கடந்தது. இன்னொன்றும் கடந்தது. மூன்றாவதைத் தாண்டியபோது, போதும் போதும் என்று அவரே பிரேக்கைப் பிடித்தார்.

திரும்பி வரும்போது அவர் ஓட்டி வரவில்லை. தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன சார், ஆஃப் ஆயிட்டா?"

"இல்லை." ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது. "இதே வண்டிதான் ஆசானே. இதே மாடல்."

"எது சார்?" என்றாள் ஷைனி.

"இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி. நான் மாஜிஸ்திரேட்டா இருந்தேன். சோபனராஜ்னு ஒருத்தன், இருபத்திரண்டு வயசு. ரோட்டைக் கடந்த பெரியவர் ஒருத்தரை இந்த மாடல் வண்டியால இடிச்சுட்டான். அவருக்குக் கால் போச்சு. கூண்டுல நின்னு இவன் சொன்னான், ஆளைப் பாத்ததுமே ஆக்ஸிலேட்டரை விட்டுட்டேன் ஐயா, அப்புறமும் வண்டி ஓடிச்சுன்னு."

"நீங்க?"

"நம்பத்தக்கதாக இல்லைன்னு எழுதினேன். நான் தினமும் கோர்ட்டுக்கு வந்தது புல்லட்ல. விட்டா வண்டி இழுத்துப் பிடிக்கும்னு எனக்குத்தான் தெரியுமே! ஆறு மாசம் உள்ளே போனான். பட்டாளத்துக்குத் தேர்வாகியிருந்தான், அதுவும் போச்சு."

காற்றில் ரப்பர் இலைகள் உதிர்ந்தன. சிவதாணு வண்டியின் கைப்பிடியை விடவில்லை.

"அவன் சொன்னது நெசந்தானே, ஆசானே?"

"விட்டாலும் இந்த வண்டி ஓடும். அது நெசம்."

"பிரேக்கும் பிடிச்சேன்னான். பிடிச்சிருப்பானா?"

"எனக்குத் தெரியாது சார். வண்டிக்கும் தெரியாது."

"அப்போ நான் எழுதினது சரியா, தப்பா? அதையாவது சொல்லு."

முதல்முறையாக அவர் அவளை ஒருமையில் கேட்டார். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"சோபனராஜ் வீடு எங்க?"

"மேக்காமண்டபம். சர்ச்சுக்குப் பின்னால மூணாவது வீடு."

சொல்லி முடித்த பிறகுதான், எவ்வளவு சட்டென்று சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

ஷைனி டேங்க் மூடியைத் திறந்தாள். வண்டியை லேசாக ஆட்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். மூடினாள். தான் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்ப, புல்லட் சாவிக்காகக் கையை நீட்டினாள்.

"அங்க போறதுக்கு இதுல பெட்ரோல் இருக்கு சார்."