பின்னல் நூலும் அரை பிளேடும்

“பின்னல் நூலை எதால வெட்டணும், தங்கச்சி?” என்று கேட்டார் கோமதிநாயகம்.

பனிமயம் தூண்டில் கொக்கியில் இறாலைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கதையில் பனிமயம்தான் குரு. குரு என்றால் தாடி வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அவளுக்கு வயது முப்பத்திரண்டு. சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. அந்தக் கடலில் பாரை மீன் எங்கே நிற்கும் என்பது பாரை மீனை விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சீடர் கோமதிநாயகம் அவளை விட இருபத்தைந்து வயது மூத்தவர். ஊரில் தையல் கடை வைத்திருக்கிறார். கொஞ்ச காலமாகத் தூண்டில் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது.

அலையைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டி, கடலுக்குள் நீட்டிவிட்டிருக்கும் தூண்டில் வளைவில்தான் அவர் நின்று மீன் பிடிப்பார். பிடிப்பார் என்பது மரியாதைக்குச் சொல்வது. இதுவரை கிடைத்தது கெளுத்தி, நண்டு, ஒரு ரப்பர் செருப்பு.

ஒரே ஒரு பாரையையாவது இழுத்துப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் படகில் போக வேண்டும். படகில் போகக் குரு மனது வைக்க வேண்டும். மனிதர் இதை நினைத்து உண்மையிலேயே ஏங்கிப்போயிருந்தார்.

“சொல்லுங்க தங்கச்சி. எதால வெட்டணும்?”

கடையில் அவளை ‘நீ’ என்பார். கல்லின் மேல் ஏறிவிட்டால் ‘நீங்க’.

“நீங்கதான் சொல்லணும் அண்ணாச்சி. வெட்டுறதுக்கு ஒரே ஒரு சாமானோட வாங்க. அன்னைக்குப் படகுல ஏத்துறேன்.”

“ஒண்ணே ஒண்ணா?”

“போன மாசம் மறந்துபோச்சா?”

மறக்கவில்லை. போன மாதம் ஏதோ ஒரு பெரிய மீன் இழுத்ததில் தூண்டிலின் பின்னல் நூல் அவர் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டது. அவர் பையைத் திறந்து, எதை எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டே நின்றார். பனிமயம் ஓடிவந்து வெட்டியிராவிட்டால் அந்த விரல் மீனோடு போயிருக்கும். விரலாவது ஒரு மீனைப் பிடித்த மாதிரி இருந்திருக்கும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

“சரி தங்கச்சி. எப்ப வரட்டும்?”

“நாளைக்கு வாங்க.”

அவர் கிளம்பினார். அவள் பின்னாலிருந்து கேட்டாள்.

“அண்ணாச்சி, என் சட்டை?”

“வெட்டியாச்சு! காஜா மட்டுந்தான் பாக்கி. நாளைக்கு வாங்க.”

பனிமயம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். முழங்கைக்குக் கீழே வெயிலில் வெந்து, தோல் உரிந்திருந்தது. கடலில் போட்டுக்கொள்ள ஒரு முழுக்கைச் சட்டை தைக்கத்தான் போன வருஷம் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முன்னால் துணி கொடுத்தாள். இந்த வருஷக் கொடியும் ஏறி இறங்கிவிட்டது.

துணி கோமதிநாயகத்தின் கடையில் மேல் தட்டில் இருந்தது. மடிப்புக் கலையவில்லை. அதன் மேல் சாக்குக்கட்டிக் கோடு ஒன்றுகூட விழவில்லை.

பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. தையல்காரர்கள் அதைப் பொய் என்று நினைப்பதில்லை.

மறுநாள் போனார். “இன்னைக்குக் காத்து சரியில்ல. நாளைக்கு வாங்க” என்றாள் குரு.

அதற்கு மறுநாள் போனார். “இன்ஜின்ல ஒரு சின்ன வேலை பாக்கி. நாளைக்கு வாங்க.”

இப்படியே போனது. கோமதிநாயகம் டீக்கடையில் பொருமினார்.

“மனுசன்னா ஒரு நாக்கு வேண்டாமா? நாளைக்கு நாளைக்குன்னு எத்தனை நாளைக்கு இழுத்தடிப்பா?”

டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். பாதிப் பேருடைய துணி அவர் கடையில்தான் கிடந்தது.

கடைசியில் ஒரு விடியற்காலை, குரு படகிலிருந்து கூப்பிட்டாள்.

“இன்னைக்குப் போவோம் அண்ணாச்சி. சாமானைக் கொண்டாங்க.”

கோமதிநாயகம் பையைக் கல்லின் மேல் வைத்தார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

“ஒண்ணுதானே சொன்னேன்?”

“ஒண்ணுதான். எதுன்னுதான் இன்னும் முடிவு பண்ணல.”

குரு சிரிக்கவில்லை. படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். அதற்குப் பதிலாகப் பின்னல் நூலின் ஒரு முனையைப் படகிலும், மறு முனையைக் கல்லில் அடித்திருந்த இரும்பு வளையத்திலும் கட்டினாள். பிறகு படகில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“இதை வெட்டுங்க. எது வெட்டுதோ அதுதான் உங்க சாமான். வெட்டினதும் கிளம்பிடலாம்.”

கோமதிநாயகம் வளையத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். படகு கல்லை ஒட்டி மிதந்தது. நூல் தண்ணீரில் தொளதொளவென்று கிடந்தது.

சாதா தூண்டில் நரம்பு என்றால் பல்லாலேயே கடித்துத் துப்பிவிடலாம். பின்னல் நூல் வேறு ஜாதி. பார்க்கத் தலைமுடி போல இருக்கும், ஆனால் ஆளைக் கட்டித் தூக்கலாம். சும்மா கிடக்கும்போது வெட்டப் போனால் கத்தரியின் இரண்டு வாய்க்கும் நடுவில் வழுக்கிப் படுத்துக்கொள்ளும்.

முதலில் நகவெட்டி. அது நூலைச் சப்பியது.

கட்டிங் பிளேயர். அது நூலைத் தட்டையாக்கியது.

லைட்டர். காற்று அணைத்தது. மறுபடி பற்ற வைத்தார். மறுபடி அணைத்தது.

அடுத்து, மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய கத்தரி. இந்த நூலை வெட்டுவதற்கென்றே செய்தது, வாயில் ரம்பம் போலப் பல் இருக்கும். ஆனால் அது கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையைத் திறக்க ஒரு கத்தரி வேண்டும்.

“அந்தப் பெரிய கத்தரி?” என்று குரு கேட்டாள்.

கோமதிநாயகம் பதறிப்போய் அதைப் பைக்குள் தள்ளினார்.

“இது தொழில் கத்தரி தங்கச்சி. துணியைத் தவிர வேற எதையும் இதால வெட்ட மாட்டேன். வாய் போயிரும்.”

“துணியையும் வெட்டின மாதிரி தெரியலையே.”

“என்ன?”

“ஒண்ணும் இல்ல. பைக்குள்ள வேற என்ன இருக்கு?”

பையைக் கவிழ்த்து உதறினார். துருவேறிய அரை பிளேடு ஒன்று விழுந்தது.

“இது சும்மா. தப்பாத் தைச்சுட்டா தையலைப் பிரிக்கிறதுக்கு.”

“தைச்சாத்தானே அண்ணாச்சி தப்பாகும்.”

இதுவும் அவருக்கு உறைக்கவில்லை. அரை பிளேடை நூலில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். நூலில் பஞ்சு கிளம்பியதே தவிர வெட்டுப்படவில்லை. வியர்த்துவிட்டது. கண்ணெல்லாம் கலங்கியது. படகு இதோ கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது, பாரை அதற்கு அப்பால் நிற்கிறது, நடுவில் ஒரு முடியளவு நூல்.

“என்னால ஆகல தங்கச்சி. இந்த நூலுக்கு ஏத்த சாமான் இன்னும் பிறக்கல.”

குரு எழுந்தாள். மூங்கில் கழியால் கல்லை ஓர் உந்து உந்தினாள்.

படகு விலகியது. நீரோட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. தண்ணீரில் கிடந்த நூல் சொட்டச் சொட்ட எழும்பி, வளையத்துக்கும் படகுக்கும் நடுவில் விறைத்து நின்றது.

“இப்ப வெட்டுங்க.”

“எதால?”

“கையில என்ன இருக்கோ அதால.”

கையில் அரை பிளேடுதான் இருந்தது. நம்பிக்கையில்லாமல் நூலின் மேல் அதை வைத்தார். அழுத்தக்கூட இல்லை.

டப்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு பிளேடைப் பார்த்தார். நூல் முனையைப் பார்த்தார். துள்ளிக் குதித்தார்.

“வெட்டிட்டேன்! தங்கச்சி, வெட்டிட்டேன்! துருப்பிடிச்ச பிளேடு! தொட்டேன், போயிருச்சு!”

கருங்கல்லின் மேல் ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதர் அப்படி ஆடக் கூடாது. ஆடினார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றபோதுதான் படகைப் பார்த்தார்.

படகு வெகுதூரம் போயிருந்தது. இன்னும் போய்க்கொண்டிருந்தது.

“தங்கச்சி! நான் ஏறலையே! நான் இன்னும் ஏறலையே!”

இன்ஜின் உறுமியது. குரு திரும்பிப் பார்த்தாள். தோலுரிந்த கையைக் கண்ணுக்கு மேல் வெயிலுக்கு அணையாக வைத்துக்கொண்டு, கரைக்குக் கேட்கும்படி கத்தினாள்.

“வெட்டியாச்சுல்ல அண்ணாச்சி? ஏறுறது மட்டுந்தான் பாக்கி. நாளைக்கு வாங்க!”

கோமதிநாயகம் அரை பிளேடோடு அப்படியே நின்றார். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது.

முகம் சிவந்தது. காது சிவந்தது. சட்டென்று பையை வாரி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊரைப் பார்த்து ஓடத் தொடங்கினார். நாலைந்து கல் தாண்டியதும் நின்றார். கடலைப் பார்த்துத் திரும்பினார். வாயின் இரண்டு பக்கமும் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்.

“தங்கச்சி! முழுக்கையா, அரைக்கையா?”