கருணாகரன் செய்த பூட்டு

ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. அங்கே தலைமை இன்ஜினியர் கருணாகரன் வைத்ததுதான் சட்டம். நோயாளிகளின் விவரத்தை மறைக்க அவரே ஒரு பூட்டு எழுதினார். அதில் ஒரு ரகசியச் சொல்லின் எழுத்துகள் அகரவரிசையின் தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளியோ, விவரத்தின் எழுத்துகளும் வரிசையாக அத்தனை இடம் நகர்ந்துவிடும்.

மென்பொருளைச் சோதனை பார்க்கும் செண்பகவல்லிக்கு பிரிண்டருக்குப் பின்னால் மேசை. அவளிடம் யாரும் பேசுவதில்லை. அவள்தான் சொன்னாள்: "ஊரெல்லாம் எடுத்துப் போடற ரெடிமேட் புரோகிராம் லைப்ரரியிலேயே நல்ல என்க்ரிப்ஷன் பூட்டு இருக்கே சார்."

"அது சோம்பேறிகளுக்கு! சாயங்காலத்துக்குள்ள என் பூட்டை உடை. முடியலேன்னா நாளைக்கு வராதே." முதலாளியை எதிரில் வைத்துக்கொண்டே கருணாகரன் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் மல்லுக்கட்டவில்லை. புது நோயாளி ஒருத்தியைப் பதிந்தாள். பெயர் கேட்ட இடத்தில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தையே நாற்பது தடவை அடித்தாள். அது முதல் எழுத்து. தொடக்கத்திலிருந்தே நகர்த்துவதால் ரகசியச் சொல்தான் அப்படியே வந்து நிற்கும். நின்றது.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் படித்தார். "கருணாகரன், கருணாகரன், கருணாகரன்... என்னய்யா இது, உன் பேரா?"

கருணாகரன் முகம் வெளுத்தது. "நீ ஒருத்தி எப்படி உடைச்சே?"

"உங்க பூட்டை நீங்க ஒருத்தர்தானே சோதிச்சீங்க சார்? உடைக்க நான் ஒருத்தி போதும். லைப்ரரியில இருக்கறதை உலகமே வருஷக்கணக்கா முட்டிப் பார்த்துத் தோத்திருக்கு."

லைப்ரரிப் பூட்டையே போடச் சொன்னார் முதலாளி. அவள் வேலை தப்பியது. யாரும் கைதட்டவில்லை.

மறுநாள் கேன்டீனில் அவள் தனியாகச் சாப்பிட்டாள். அடுத்த மேசையில் கருணாகரனும் தனியாகத்தான் இருந்தார். ஊறுகாய் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள். எடுத்துக்கொண்டார்.